தார்ப்பாய் ஆடினாலும் அலாரம்: தோட்டத்துக் கேமராவை என்ன செய்வது?

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீடான சாளையில் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். போன மாசியில் கொப்பரைக் களம், குடோன், வீட்டு வாசல், பின்பக்கம் என்று நான்கு கேமரா வைத்தோம். எல்லாமே 2 மெகாபிக்சல், 14 அடி உயரம். ஏதாவது அசைந்தால் போனுக்கு அலர்ட் வரும் என்றார்கள். வந்தது, ஒரு ராத்திரிக்கு இருநூறுக்கு மேல்! அப்பாவின் போனுக்கும் அதே அலர்ட் போனதால், அவர் ஒவ்வொரு முறையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். ஆடி பிறந்ததும் தாங்க முடியாமல் இரண்டு போனிலும் மியூட் செய்துவிட்டேன். அடுத்த வாரமே ஒரு ராத்திரி 2.10 மணிக்கு குடோன் பூட்டை உடைத்து ஆறு மூட்டை கொப்பரையைக் கொண்டுபோய்விட்டார்கள். ரெக்கார்டிங்கில் இரண்டு பேர் தெரிகிறார்கள், முகம் தெரியவில்லை. நான்கையும் ஏஐ கேமராவாக மாற்றினால் இந்தத் தொல்லையே இருக்காது, 58,000 ரூபாய் ஆகும் என்கிறார் கேமரா போட்டவர். மாற்றலாமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறு, எங்கள் கேமரா அவர்கள் மோட்டார் ரூமைப் பார்க்கிறது என்று வருத்தப்படுகிறார். அம்மா கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாய் வளர்த்தால் போதாதா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மியூட் செய்ததை நினைத்து நீங்கள் ரொம்ப நொந்துபோயிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள். ராத்திரிக்கு இருநூறு முறை பொய்யாகக் கூப்பிடும் எதையும் மனிதர்கள் அணைத்துத்தான் வைப்பார்கள். 2009-ல் ஒரு பஞ்சு குடோனுக்கு நானே மோஷன் அலாரம் வைத்துக் கொடுத்தேன். பகலில் சோதித்தேன், அருமையாக வேலை செய்தது. ராத்திரியில் பைபாஸில் திரும்பும் லாரிகளின் ஹெட்லைட் குடோன் சுவரில் ஓடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாட்ச்மேன் மூன்று நாள் பொறுத்தார், நாலாம் நாள் சைரன் வயரைப் பிடுங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அங்கே திருட்டுப் போனது. எல்லோரும் வாட்ச்மேனைத்தான் திட்டினார்கள். தப்பு என்னுடையது. ராத்திரியில் ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மாசியில் காற்றே இல்லாத நாளில், பகல் வெளிச்சத்தில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கும்போது உங்கள் தோப்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். கேமராவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இந்த அசைவு கண்டுபிடிக்கும் வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது புரிந்தால் பாதித் தொல்லையை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல ரெக்கார்டர் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. முந்தின நொடி இந்தக் கட்டம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தது, இப்போது எவ்வளவு என்று ஒப்பிடுகிறது. சேர்ந்தாற்போல் இத்தனை கட்டங்கள் மாறினால் 'அசைவு' என்று கத்துகிறது. அவ்வளவுதான் அதன் அறிவு. ஆள் வந்தாரா, மட்டை ஆடியதா, மேகம் நிலாவை மறைத்ததா என்ற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. வெளிச்சம் மாறியது, அது ஒன்றுதான் செய்தி.

கொஞ்சம் நல்ல முறைகளும் பிறகு வந்தன. 1999-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஸ்டாஃபர், கிரிம்சன் இருவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட 'வழக்கமான நிலை'களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வழியைச் சொன்னார்கள். இந்த இடத்தில் ஒரு நேரம் வானம் தெரியும், ஒரு நேரம் இலை தெரியும், இரண்டுமே சகஜம் என்று கணினி கற்றுக்கொள்ளும். அதனால் ஒரே மாதிரி ஆடும் கிளையைக் கண்டு அது அலறுவது குறையும். ஆனால் காற்று திடீரென்று வலுத்தால் அதுவும் தடுமாறும். விலை குறைந்த ரெக்கார்டர்களில் பெரும்பாலும் இருப்பது பழைய கட்டக் கணக்குதான்.

இனி ராத்திரிக்கு வருவோம், உங்கள் இருநூறு அலர்ட்டில் பெரும் பங்கு அங்கேதான் பிறக்கிறது. கேமராவின் முகப்பில் லென்ஸைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, நம் கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத் தெரியும். லென்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி 3 சென்டிமீட்டர் நீள ஈசல் ஒன்று பறக்கிறது என்று வையுங்கள். படத்தில் அது, 9 மீட்டர் தள்ளி நிற்கும் ஆறடி ஆள் அளவுக்குத் தெரியும். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே விகிதம்தான். அந்த ஆளைவிட ஈசல் 60 மடங்கு கிட்டே இருப்பதால், அதன்மேல் விழும் வெளிச்சம் 60-ஐ 60-ஆல் பெருக்கி 3,600 மடங்கு. அதாவது கறுப்பு இரவில் திருடன் சாம்பல் நிழல் போலத் தெரிவான், ஈசல் டியூப் லைட் போல ஜொலிக்கும். கண்ணாடிமேல் சிலந்தி ஒரே ஒரு இழை கட்டியிருந்தாலும் இதே கதை. காற்றில் அந்த இழை ஆட ஆட, ராத்திரி முழுக்க உங்கள் போன் அடிக்கும்.

அதனால் பணம் செலவழிப்பதற்கு முன்னால் நீளமான கம்பில் மெல்லிய துணியைக் கட்டி நான்கு கேமராவின் முகத்தையும் துடைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை. அப்பா ஏணி ஏறக் கூடாது, கீழே நின்றே செய்யலாம். அப்புறம், களத்தில் இருக்கும் கேமராவின் சொந்த விளக்கை செட்டிங்கில் அணைத்துவிட்டு, தனியாக விற்கும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றைப் பத்தடி தள்ளி மாட்டலாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் லென்ஸ் முன்னால் பறக்கும் பூச்சி இருட்டிலேயே இருக்கும். என்னிடம் கேட்டால், நான் பார்த்த வேலைகளில் செலவுக்கு மேல் பலன் தந்தது இது.

மின்சார விஷயம் ஒன்றும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. களத்துக்கும் சாளைக்கும் நடுவே எழுபது, எண்பது மீட்டர் கேபிள் ஓடும் என்று நினைக்கிறேன். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளாக இருந்தால், இந்த முனையில் 12 வோல்ட் கொடுத்தாலும் அந்த முனையில் ஒன்பதோ பத்தோதான் சேரும். பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும், கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும், வோல்ட் இன்னும் சரியும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கொதிக்கும், சில சமயம் கேமராவே அணைந்து எரியும். அந்த இரைச்சலையும் ரெக்கார்டர் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரீஷியனை ராத்திரி எட்டு மணிக்கு வரச் சொல்லி, கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11-க்குக் கீழே போனால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதை அப்படியே வைத்துக்கொண்டு எந்தப் புதுக் கேமராவை மாட்டினாலும் அதே வியாதி திரும்ப வரும்.

களத்தில் கொப்பரையை மூடும் தார்ப்பாய்க்குத் தனி மரியாதை. காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாயைவிட அசைவைக் கிளப்பும் பொருள் வேறில்லை. ரெக்கார்டர் மெனுவில், படத்தின் எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று கட்டம் வரைய இடம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை, படம் முழுக்கவும் கவனிப்பில் இருக்கும். களத்தையும் தென்னை உச்சியையும் வானத்தையும் அழித்துவிடுங்கள். ஆள் நடந்தால் கால் படக்கூடிய மண்தரை மட்டும், அதிலும் குடோனுக்கு வரும் பாதை மட்டும் போதும். நேரத்தையும் குறுக்குங்கள். அப்பா நாலு மணிக்கு எழுந்து மோட்டார் போடுவார் என்றால் ராத்திரி பத்திலிருந்து நாலு வரை வையுங்கள்.

சரி, ஏஐ கேமரா. அது ஏமாற்று வேலை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் மாறியதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மாறிய இடத்தில் இருப்பது ஆள் உருவமா, வண்டியா, இரண்டும் இல்லையா என்று பார்க்கிறது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். தென்னை மட்டை, பூச்சி, தார்ப்பாய் மூன்றையும் அது பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உங்கள் இருநூறு கணிசமாகக் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அது பார்த்த படங்கள் எங்கே எடுத்தவை என்பதில் சூட்சுமம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'கோகோ' என்ற படத் தொகுப்பில் 80 வகைப் பொருட்கள் உண்டு. வரிக்குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, குரங்கு இல்லை! உங்கள் கேமராவுக்குள் இருப்பது எந்தத் தொகுப்பில் பழகியது என்று பெட்டியில் எழுதியிருக்காது. நேராக நிற்கும், நடக்கும் ஆளை அது நன்றாகப் பிடிக்கும். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, தூறலில் வரும் ஆளைச் சில சமயம் விட்டுவிடும். 14 அடி உயரத்திலிருந்து பார்த்தால் மனிதன் என்பதே தலையும் இரண்டு தோளும்தான். அதை ஆள் என்று அடையாளம் காண்பது அதற்கு இன்னும் கஷ்டம்.

இந்த 14 அடிதான் உங்கள் வீடியோவில் முகம் தெரியாததற்கும் காரணம். கேமரா எவ்வளவு பார்க்கும் என்பதற்கு ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று கண்டுகொள்ள, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் போதும். தெரிந்த ஆளா என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல 250. உங்கள் கேமராவில் குறுக்கே 1,920 பிக்சல் இருக்கிறது, 250-ஆல் வகுத்தால் ஏழே முக்கால் மீட்டர் வராது. காட்சி அதற்குமேல் விரிந்தால் முகம் கிடைக்காது. வீட்டுக்குப் போடும் சாதாரண 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 105 டிகிரி விரித்துப் பார்க்கும். அதில் மூன்று மீட்டர் தூரத்துக்குள்ளேயே காட்சி அந்த அகலத்தைத் தொட்டுவிடும். அதாவது பத்தடிக்குள் வந்து நின்றால்தான் முகம். கேமராவோ 14 அடி உயரத்தில் இருக்கிறது. ஐந்தடி உயரத்தில் உள்ள முகம் நேர் கீழே வந்தாலே ஒன்பதடி தள்ளியாகிவிட்டது. நேர் கீழே நிற்பவரின் முகமா தெரியும்? உச்சந்தலைதான் தெரியும். திருடன் துண்டு கட்டாமல் வந்திருந்தாலும் இந்தக் கேமராவில் முகம் விழுந்திருக்காது. இதே உயரத்தில், இதே லென்ஸில் ஏஐ கேமராவை மாட்டினால், "ஆள் வந்திருக்கிறார்" என்ற சேதி வரும், யார் என்பது அப்போதும் வராது.

நான் என்றால் நான்கையும் மாற்ற மாட்டேன். உங்கள் குடோனிலிருந்து ஆறு மூட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர் போய்ச் சேர முடியாது, வண்டி வந்திருக்க வேண்டும். வண்டி வர, இரண்டு பக்கமும் வேலி உள்ள இட்டேரிப் பாதை ஒன்றுதானே வழி? புதிதாக ஒரே ஒரு ஏஐ கேமரா வாங்கி, இட்டேரி தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில், எட்டு எட்டரை அடி உயரத்தில் வையுங்கள். லென்ஸ் 6 மில்லிமீட்டர். அது பாதி அளவு விரித்துப் பார்ப்பதால் ஏழு, ஏழரை மீட்டர் வரை முகம் பிடிக்கும். எதிரே வருகிற ஆளையும் வண்டியையும் பார்க்கும்படி, பாதைக்குக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி வையுங்கள். நம்பர் பிளேட்டை ராத்திரியில் இதே கேமராவில் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பிளேட் வெள்ளையாக வெந்துபோய்விடும், அதற்கான கேமராவே வேறு. குட்டி யானையா, ஆம்னியா, பைக்கா என்று தெரிந்தாலே போலீசுக்கு நல்ல துப்புதான்.

இரண்டாவதாக, குடோன் கதவு. இதற்குக் கேமராவே வேண்டாம். கதவில் ஒரு துண்டு, நிலையில் ஒரு துண்டு என்று காந்த சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டும் விலகினால் அலாரம். மட்டை ஆடினால் அடிக்காது, ஈசல் வந்தால் அடிக்காது, கதவு திறந்தால் மட்டும்தான் அடிக்கும். பூட்டை உடைத்து உள்ளே போன திருட்டுக்கு நேரான மருந்து இதுதான். எங்கள் தொழிலில் யாரும் இதை முதலில் சொல்வதில்லை, லாபம் குறைச்சல்.

பழைய நான்கு கேமராவும் இருந்த இடத்திலேயே பதிவு மட்டும் செய்துகொண்டிருக்கட்டும். அலர்ட் வேண்டாம். உங்கள் ரெக்கார்டரின் மெனுவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சமீபத்தில் வந்த சில ரெக்கார்டர்களில், சாதாரணக் கேமராவின் படத்திலேயே ஆளைப் பிரித்துப் பார்க்கும் வசதி ஒன்றிரண்டு சேனலுக்கு, அதாவது கேமரா இணைப்புக்கு, ஏற்கெனவே இருக்கும். போட்டவர் அதைத் திறந்தே வைத்திருக்க மாட்டார்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. அலர்ட் உண்மையாகவே வந்தால் யார் எழுந்து போவது?

கோவையில் எங்களுக்குப் பக்கத்தில் மதுக்கரை இருக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன, நினைவிருக்கும். 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே ரயில் பாதையோரம் 12 கோபுரங்கள் நிறுத்தி, உடல் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் மாட்டியது. யானை பாதையை நெருங்கினால் ஏஐ அதைக் கண்டுபிடிக்கும். உங்களுக்குச் சொல்லும் ஏஐ-யின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யானையைக் காப்பாற்றுவது கேமரா மட்டும் இல்லை. அந்த அலர்ட் ஒரு கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே தூங்காமல் இருப்பதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ரயில்வேக்குச் சொல்ல, ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார், வனப் பணியாளர்கள் யானையைத் திருப்ப ஓடுகிறார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கோபுரம் வெறும் கோபுரம்தான்.

உங்கள் தோட்டத்தில் அந்தக் கட்டுப்பாட்டு அறை, பெங்களூரில் தூங்கிக்கொண்டிருக்கும் நீங்கள். அங்கிருந்து பொள்ளாச்சிக்கு ஓடிவர முடியாது. அப்பாவை அனுப்பவே கூடாது. இருட்டில், கையில் கடப்பாரை வைத்திருக்கிற இரண்டு பேருக்கு எதிரே எழுபது வயதுக்காரர் டார்ச்சோடு போய் நிற்பதைவிட அறுபது மூட்டை போனாலும் பரவாயில்லை. அவர் போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத் தோட்டத்தில் இளவட்டமாக இரண்டு பேர், பங்காளியோ மாமன் மச்சானோ, அவர்களிடம் பேசி வையுங்கள். அலர்ட் வந்தால் நீங்கள் படத்தைப் பார்த்து, உண்மை என்றால் முதலில் 100 அல்லது 112, அடுத்து அவர்களுக்கு. பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் அழைப்பு கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும், அதனால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் நேரடி எண்ணையும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் போய்ச் சேரும்வரை வெளிச்சம் வேலை செய்யட்டும். இட்டேரிக் கேமராவோ குடோன் சென்சாரோ தட்டினால், களத்து ஃபிளட் லைட் தானாக எரியும்படி ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று போட்டுக்கொள்ளலாம். சைரனும் சேர்க்கலாம், ஆனால் குடோன் கதவுக்கு மட்டும். பொய்யாக அலறும் சைரனை ஊரே ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி சோதனை வேண்டும். நல்ல காற்று இருக்கும் நாளாகப் பார்த்து, பதினொரு மணிக்கு மேல் யாரையாவது தலையில் சாக்கோடு நடந்து வரச் சொல்லுங்கள். ஒரு தடவை நிமிர்ந்து, ஒரு தடவை குனிந்து, ஒரு தடவை வேலி ஓரமாக. மூன்றிலும் அலர்ட் வர வேண்டும். அப்புறம் ஏழு ராத்திரி ஒரு நோட்டில், வந்த அலர்ட் ஒவ்வொன்றும் எதனால் என்று எழுதி வையுங்கள். ராத்திரிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் பொய் வந்தால் இன்னும் கட்டத்தைச் சுருக்க வேண்டும், அல்லது உணர்திறனைக் குறைக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

போன திருட்டின் பதிவு இன்னும் இருக்கிறதா? 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு நாளில் சுமார் 22 ஜிபி பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் பதினோரு நாளைக்கு மேல் தாங்காது, பிறகு பழசின்மேல் புதுசு எழுதிவிடும். இருந்தால் இன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மானிட்டரை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது கோர்ட்டுக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் சேர்க்க வேண்டும். பதிவுக் கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். போலீசிடம் கொடுக்கும்போதே இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். 2.10 என்று அது சொன்னது உண்மையில் 1.40 ஆக இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. மோட்டார் ரூம் தொட்டியில் வேலைக்கு வரும் பெண்கள் குளிப்பார்கள், உங்களுக்கே தெரியும். வேண்டுமென்றே பார்க்கவில்லை என்றாலும் பதிவு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ-யும் இருக்கிறது. மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒன்று இருக்கும், படத்தின் அந்தப் பகுதியைக் கறுப்பாக மூடிவிடலாம். அதைவிடக் கேமராவையே திருப்பிவிடுவது நல்லது. செய்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, திரையைக் காட்டிவிடுங்கள். அவர் மனதும் ஆறும், ராத்திரி கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஆளும் கிடைத்தது போல இருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பாஸ்வேர்டு கம்பெனியில் வந்தபடியே இருந்தால் உடனே மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற தீநிரல், இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் இணையத்தின் ஒரு பகுதியையே முடக்கியது. புதுக் கேமரா வாங்கும்போது மத்திய அரசின் மின்னணுத் தரப் பரிசோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு அது கட்டாயம். ரெக்கார்டரையும் இன்டர்நெட் ரவுட்டரையும் யுபிஎஸ்-ஸில் இணைத்து, கண்ணில் படாத அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வருகிற திருடர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் பதில்: நாய் நல்ல யோசனைதான், தாராளமாக வளர்க்கட்டும். முன்பின் தெரியாத ஆள் இட்டேரியில் கால் வைத்ததும் அது குரைக்கும், அதற்கு லென்ஸ் கணக்கெல்லாம் வேண்டாம். கோழிக்கறி போட்டு அதைச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு என்பதால் குடோன் சென்சார் இருக்கட்டும். நாய் படுக்கும் சாக்கை மட்டும் நீங்கள் வரைந்த கட்டத்துக்கு வெளியே போடச் சொல்லுங்கள்.